எம்.டி.எஃப் புத்தக அலமாரி: தட்டு தொய்கிறது, முனை பிளக்கிறது

ஏடு:
18 மி.மீ. எம்.டி.எஃப் பலகையில் நானே அலமாரி செய்தேன். தட்டு 90 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம். ஒரு தட்டில் ஏறக்குறைய 25 கிலோ புத்தகம். ஆறு மாதத்தில் நடுவில் ஒரு செ.மீ. இறங்கிவிட்டது. பக்கப் பலகை வழியாகத் தட்டின் முனையில் ஸ்க்ரூ முடுக்கிய இடமும் இரண்டாகப் பிளந்திருக்கிறது. பலகை மட்டமானதா?

உளி:
பலகை மேல் தப்பில்லை. எம்.டி.எஃப்பில் மரத்தின் நீள நார் கிடையாது, பொடிநாரைப் பசையோடு அழுத்திய பலகை அது. பாரம் நாள்கணக்கில் நின்றால் மெல்ல வளைந்துகொண்டே போகும். 18 மி.மீ. தடிமனுக்குத் தட்டின் நீளம் 60 செ.மீ. தாண்டாமல் இருப்பது நல்லது. நடுவில் ஒரு நிற்கும் பலகை கொடுங்கள். பாரம் பரவலாக இருக்கும்போது தாங்கும் பலகைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி பாதியானால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகும். அதனால்தான் தடிமனைக் கூட்டுவதைவிட இதைச் சொல்கிறேன்.

ஏடு:
நடுப்பலகை வைத்தால் பெரிய புத்தகங்கள் படுக்காதே?

உளி:
சரி, அப்படியானால் முன் விளிம்பின் அடியில் 18க்கு 40 மி.மீ. மரச்சட்டத்தை நெட்டுக்குத்தாக, நீளம் முழுக்கப் பசை போட்டு ஒட்டுங்கள். தொய்வு பாதிக்கும் கீழே குறையும். ஒட்டுமுன் தட்டைத் திருப்பிப் போடுங்கள், வளைவு மேல்நோக்கி இருக்கட்டும்.

இழைப்புளி:
பிளந்ததற்குக் காரணம் ஓட்டை போடாமல் முடுக்கியது. பலகையின் இரு முகமும் கெட்டி, உள்ளே இளக்கம். ஸ்க்ரூ ஆப்பு மாதிரி இறங்கிப் பிரித்துவிடும். ஸ்க்ரூவின் உள்தண்டு பருமனுக்கு முதலில் டிரில் போடுங்கள், மூலையிலிருந்து 5 செ.மீ. தள்ளி. கடைசிச் சுற்று கையால். பிளந்த இடத்தில் பசையை உள்ளே செலுத்தி, கிளாம்பு போட்டு இறுக்கி ஒரு ராத்திரி விடுங்கள், அப்புறம் வேறு இடத்தில் ஓட்டை. துளையிடும்போது முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூள் மிக மெல்லியது, நுரையீரலுக்கு ஆகாது.

ஏடு:
அடிப்பலகை வேறு ஈரத்தில் உப்பியிருக்கிறது. தேய்த்தால் சரியாகுமா?

இழைப்புளி:
ஆகாது. உப்பிய நார் பழைய நிலைக்குத் திரும்பாது. அந்தப் பலகையை மாற்றி, வெட்டு விளிம்புகளுக்கு இரண்டு கை பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து, தரையிலிருந்து கால் வைத்துத் தூக்குங்கள்.

ஏடு:
சட்டம் ஒட்டி மூன்று வாரம் ஆகிறது. நூல் பிடித்துப் பார்த்தேன், தட்டு நேராக நிற்கிறது. அடிப்பலகை இந்த வாரம் மாறுகிறது. இருவருக்கும் நன்றி.