தென்னாப்பிரிக்கச் சிறுகதைகளில் 'நல்ல வாழ்க்கை': ந்டெபெலே அந்தப் பெற்றோரைக் குறை சொல்கிறாரா?

நூலகப்பூனை:
நாடின் கார்டிமரின் 'சிக்ஸ் ஃபீட் ஆஃப் த கன்ட்ரி', ன்ஜபுலோ ந்டெபெலேயின் 'த மியூசிக் ஆஃப் த வயலின்' இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தேன். முதல் கதையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி ஜோகன்னஸ்பர்க்குக்கு வெளியே பண்ணை வாங்கி வாழ்கிறார்கள். இரண்டாவதில் கறுப்பினக் குடியிருப்பில் ஓரளவு வசதியான பெற்றோர், மகன் வுகானியை வயலின் கற்க வைத்து, விருந்தாளி வந்தால் வாசித்துக் காட்டச் சொல்கிறார்கள், தெருப் பையன்களோ அந்த வயலினுக்காகவே அவனை வம்புக்கு இழுக்கிறார்கள். வெள்ளைக்காரர் மாதிரி வாழ ஆசைப்படுவதையே ந்டெபெலே தப்பு என்கிறாரா? எனக்கு அந்த அம்மா மேல் கோபமே வரவில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

தெற்குக்காற்று:
வயலினுக்கு முன்னால் பண்ணையைப் பார்க்க வேண்டும். 1913 நிலச் சட்டம் கறுப்பின மக்களுக்கு நாட்டில் ஏறக்குறைய 7 சதவீத நிலத்தைத்தான் விட்டுவைத்தது, 1936-இல் அதை 13 சதவீதம் வரை கூட்டினார்கள், அதற்கு வெளியே அவர்கள் நிலம் வாங்க முடியாது. ஒருவருக்குப் பண்ணை பொழுதுபோக்காக இருக்க முடிந்ததே இதனால்தான். அதே கதையில் வேலைக்காரர் பெட்ரஸின் தம்பி ரொடீஷியாவிலிருந்து (இன்றைய ஜிம்பாப்வே) வேலை தேடி நடந்தே வருகிறான். அவன் கண்ட நல்ல வாழ்க்கை, நகரத்தில் ஒரு கூலி வேலை, அவ்வளவுதான். நிமோனியாவில் செத்துப்போகிறான். அவனை முறையாக அடக்கம் செய்ய, உடலை அதிகாரிகளிடமிருந்து திரும்பப் பெறப் பண்ணையாட்கள் 20 பவுண்ட் திரட்டிக் கொடுக்கிறார்கள், சவப்பெட்டியில் வருவதோ வேறு யாருடைய உடலோ. கடைசியில், அடக்கத்துக்காக வந்த அவன் அப்பாவான கிழவர் ஒரு பழைய சூட்டோடு ஊர் திரும்ப, வந்தபோது இருந்ததைவிடக் குளிருக்குக் கொஞ்சம் வசதியாகப் போனார் என்று கதைசொல்லி முடிக்கிறான்! மகனைப் பறிகொடுத்தவரின் லாப நட்டத்தை ஒரு சூட்டை வைத்துக் கணக்குப் பார்க்கிறான். எனக்கு அந்த வரியைத் தாண்டவே நேரம் பிடித்தது.

படிப்பாளி77:
பூனை, ந்டெபெலே அந்த ஆசையைத் தப்பு என்கிறார் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் அவர் முழுக்கப் பையன் பக்கம்தான் நிற்கிறார். 1953-இல் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனியாகத் தரம் குறைந்த கல்வி என்று வகுத்த பான்டு கல்விச் சட்டம் வந்தது, சில வகை உழைப்புக்கு மேல் கறுப்பினத்தவருக்கு வெள்ளையர் சமூகத்தில் இடமில்லை என்று அதைக் கொண்டுவந்த அமைச்சர் வெர்வூர்ட் வெளிப்படையாகவே பேசினார். அந்தச் சூழலில் பிள்ளை கையில் வயலின் கொடுப்பது வெறும் பகட்டு இல்லை, அந்த அம்மாவிடம் ஒரு நியாயமான பிடிவாதம் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அந்த அப்பா பள்ளி ஆய்வாளர், அதே கல்வி அமைப்பில் பதவி வகிப்பவர். வீட்டில் சேர்ந்த வசதி அங்கிருந்து வருகிறது, அதற்கான அடியைத் தெருவில் வாங்குவது வுகானி. அவன் கடைசியில் வாசிக்க மறுப்பது சும்மா பிள்ளை அடம் இல்லை.

அப்புறம், எஸ்கியா ம்பாலெலேயின் 'மிசஸ் பிளம்' கட்டாயம் படியுங்கள். முற்போக்கான வெள்ளைக்கார எஜமானி, வீட்டு வேலை செய்யும் கரபோ. சமத்துவம் பேசுகிற அந்த எஜமானி கடைசியில் கரபோவைத் திரும்ப வேலைக்கு அழைக்க வரும்போது, கரபோ சம்பளத்தைப் பற்றித்தான் பேசுகிறாள். ஆளாளுக்குக் கனவு எவ்வளவு வேறு என்று அந்த இடத்தில் தெரியும்.

கடலோரம்:
ரோனி கோவெண்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'அட் த எட்ஜ்', 1996, டர்பனின் கேட்டோ மேனர் கதைகள். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம்மவர்களின் வாரிசுகள் காய்கறி பயிரிட்டு, வீடும் கோயிலும் கட்டிய இடம். அங்கேயே இந்தியர் நிலத்தில் வாடகைக்குக் குடிசை போட்டு வாழ்ந்த ஆப்பிரிக்கர்களும் இருந்தார்கள். 1949-இல் டர்பனில் ஆப்பிரிக்கர்கள் இந்தியர்களைத் தாக்கிய கலவரத்தை வெறும் இனவெறுப்பு என்று படித்தால் இந்த வாடகைக் கணக்கு விட்டுப்போகும். பிறகு, ஒவ்வோர் இனமும் தனித்தனிப் பகுதியில்தான் வாழ வேண்டும் என்ற 1950-இன் குழுப் பகுதிச் சட்டத்தால் இரு தரப்பையும் அரசு அங்கிருந்து கிளப்பியது, இந்தியர் பலர் அவர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த் குடியிருப்புக்குப் போனார்கள்.

நூலகப்பூனை:
பள்ளி ஆய்வாளர் வேலை என்பதன் பொருளை நான் யோசிக்கவே இல்லை. சரி, வயலின் கதையை அந்தக் கண்ணோடு மறுபடி படிக்கிறேன். ஆனாலும் அந்த அம்மா பக்கம் எனக்குள்ள பரிவு போகாது. நாடே பூட்டி வைத்திருந்த கதவைத் தன் பிள்ளைக்காவது திறக்கப் பார்த்தவள் அவள்.