சனிக்கிழமை ஓட்டுப் போடப் போகலாமா?

2023 அக்டோபர் 25, புதன்கிழமை, எங்கள் குடும்பக் குழு அரட்டையில்

தம்பி: அக்கா, வாக்காளர் அட்டை தபாலில் வந்துவிட்டது! குடியுரிமை வாங்கிய பிறகு என் பெயரில் வந்த முதல் அட்டை.

சித்தி: வாழ்த்துகள் கண்ணா. படம் போடாதே, அதில் முகவரி இருக்கும்.

தம்பி: சரி சித்தி. ஆனால் இந்தத் தடவை போட முடியாது போலிருக்கிறது. நவம்பர் 7 அன்று ஆபீஸில் தலைக்கு மேல் வேலை. பிரசிடென்ட் தேர்தலும் இல்லை, கவர்னர் தேர்தலும் இல்லை. வர்ஜீனியா சட்டமன்றம் மட்டும்தானே. அடுத்த வருஷம் பிரசிடென்ட் தேர்தலில் போட்டுக்கொள்கிறேன்.

நான்: அந்த "மட்டும்தானே" என்ற வார்த்தை எனக்கு வலிக்கிறது தம்பி. இந்த ஒரு நாளில் கீழவையின் 100 இடங்களுக்கும் செனட்டின் 40 இடங்களுக்கும் சேர்த்துத் தேர்தல் நடக்கிறது. உன் பிள்ளை படிக்கிற பள்ளிக்கு மாநிலப் பணம் எவ்வளவு, மருத்துவக் காப்பீடு யாருக்கு உண்டு, ஓட்டுப் போடும் விதி என்ன, எல்லாம் மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் இவர்கள் கையில்தான்.

தம்பி: தெரியும் அக்கா. ஆனால் என் ஒரு ஓட்டில் என்ன மாறிவிடும்?

சித்தி: எங்கள் நியூ ஹாம்ப்ஷயர் கீழவையில் 400 உறுப்பினர்கள். மூவாயிரத்துச் சொச்சம் பேருக்கு ஒருவர். சம்பளம் இரண்டு வருஷத்துக்கு 200 டாலர், 1889-ல் வைத்த தொகை இன்னும் மாறவில்லை. எங்கள் பிரதிநிதியை நூலகத்தில் பார்த்துப் பேசியிருக்கிறேன். நீங்கள் அந்தப் பக்கம் எப்படி?

நான்: இங்கே ஒரு கீழவைத் தொகுதிக்குச் சுமார் 86,000 பேர் சித்தி. சம்பளம் வருஷத்துக்கு 17,640 டாலர். ஜனவரியில் கூடினால் ஒரு வருஷம் 60 நாள், மறு வருஷம் அதைவிடக் குறைவு. மற்ற நாளெல்லாம் அவர்களும் நம்மைப் போல வேலைக்குப் போகிறவர்கள்தான்.

தம்பி: 86,000 என்பது நம்மூர்த் தொகுதியை விட எவ்வளவோ சின்னது.

பெரியப்பா: காலை வணக்கம். இங்கே இப்போதுதான் விடிகிறது. தமிழ்நாட்டில் 234 தொகுதி. 2011 கணக்கெடுப்புப்படி 7 கோடியே 21 லட்சம் பேர். வகுத்துப் பாருங்கள், தொகுதிக்கு மூன்று லட்சத்துக்கும் மேல். அப்படிப்பட்ட இடத்திலேயே ஒரு ஓட்டுக்கு மதிப்பு உண்டு தம்பி. 2008-ல் ராஜஸ்தான் நாத்வாரா தொகுதியில் சி.பி.ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். 62,216-க்கு 62,215.

தம்பி: அது எப்போதாவது நூறில் ஒன்று பெரியப்பா.

நான்: தம்பி, ஒரு விஷயம் சொல்கிறேன். இதை இதுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. கொஞ்சம் நீளமாக வரும்.

நான்: 2017-ல் நீ டெக்சாஸில் இருந்தாய். நான் வர்ஜீனியாவில் இதே நியூபோர்ட் நியூஸ் நகரத்தில், இதே வீட்டில் இருந்தேன். அப்போது எங்கள் தொகுதி எண் 94. எனக்குக் குடியுரிமை வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நவம்பர் 7 அன்று மாலை வேலை முடிந்து வரும்போது மணி ஆறரை. வாக்குச்சாவடி ஏழு மணிக்கு மூடும், காரில் போனால் ஐந்து நிமிஷம். வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, சாவியைக் கூட எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சின்னத் தேர்தல்தானே என்று நினைத்து உள்ளே போய்ச் சோறு வடித்தேன்.

நான்: முதல் எண்ணிக்கையில் குடியரசுக் கட்சி வேட்பாளர் டேவிட் யான்சி பத்து ஓட்டு முன்னிலை. டிசம்பர் 19 அன்று மறு எண்ணிக்கை. ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமண்ட்ஸ் ஒரே ஓட்டு முன்னே போய்விட்டார், 11,608-க்கு 11,607. மறுநாள் நீதிபதிகள் மூன்று பேர் ஒரு வாக்குச்சீட்டைப் பார்த்தார்கள். இரண்டு பேர் பெயருக்கு நேரேயும் வட்டம் நிரப்பியிருந்தது. சைமண்ட்ஸ் வட்டத்தின் மேல் மட்டும் ஒரு சாய்கோடு. அடித்திருக்கிறார், அதனால் யான்சிக்குத்தான் அந்த ஓட்டு என்று தீர்ப்பு.

நான்: 11,608. 11,608.

சித்தி: ஐயோ.

நான்: அந்தச் சீட்டின் படம் செய்தியில் வந்தது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். யாரோ நம் பக்கத்துத் தெருக்காரர் பேனாவைப் பிடித்துத் தயங்கிய இடம் அது. அவராவது போனார், கோட்டைப் போட்டார். நான் வாசல் வரை வந்தும் போகவில்லை.

தம்பி: அக்கா, இதை ஏன் சொல்லவே இல்லை?

நான்: வெட்கமாக இருந்ததுடா. யாருக்குப் போட்டிருப்பேன் என்பதை விடு, அது என் மனசோடு. எந்தப் பக்கம் போட்டிருந்தாலும் அந்தச் சமநிலை வந்திருக்காது.

பெரியப்பா: மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே அம்மா. சமமானால் அங்கே என்ன விதி?

நான்: குலுக்கல்தான் பெரியப்பா. 2018 ஜனவரி 4, ரிச்மண்டில். பழைய பிலிம் சுருள் டப்பா இரண்டில் பெயர்ச்சீட்டுகளைப் போட்டு, மியூசியத்திலிருந்து இரவல் வாங்கிய பீங்கான் கிண்ணத்தில் வைத்து, தேர்தல் வாரியத் தலைவர் ஒன்றை எடுத்தார். யான்சி பெயர் வந்தது. 

பெரியப்பா: நம் சட்டமும் அதேதான். 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 65-ஆவது பிரிவு. சமமானால் திருவுளச்சீட்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டில் இருக்கிற குடவோலை ஞாபகம் வருகிறது. பராந்தக சோழன் காலத்தில் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள்.

தம்பி: குலுக்கலில் யார் வந்தால் என்ன பெரிய வித்தியாசம்?

நான்: சைமண்ட்ஸ் பெயர் வந்திருந்தால் கீழவை 50-50. யான்சி வந்ததால் குடியரசுக் கட்சிக்கு 51-49. சபாநாயகர் யார், எந்த மசோதா குழுவைத் தாண்டும் என்பதெல்லாம் அந்தக் கிண்ணத்தில் இருந்தது.

நான்: அதே தேர்தலில் இன்னொன்றும் நடந்தது. ஜனநாயகக் கட்சிக்கு 34 இடம் இருந்தது 49 ஆனது. மெடிக்கெய்ட், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு, அதை விரிவாக்கப் பல வருஷமாக மாட்டேன் என்று நின்ற கீழவை 2018-ல் சரி என்றது. குடியரசுக் கட்சிக்காரர்கள் சிலரும் சேர்ந்து ஓட்டளித்தார்கள். 2019 ஜனவரி 1 முதல் சுமார் நாலு லட்சம் பேருக்கு வழி திறந்தது. என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் இன்சுலினை எண்ணி எண்ணிப் போட்டுக்கொள்வாள். பிள்ளை இல்லாத, உடல் ஊனம் இல்லாத பெரியவர்களுக்கு அதுவரை இந்த மாநிலத்தில் மெடிக்கெய்டே கிடையாது. ஜனவரி கடைசியில் மருந்துப் பையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னாள். அன்றைக்குத்தான் இந்தத் தேர்தலின் எடை எனக்குப் புரிந்தது.

சித்தி: கண் கலங்குகிறது.

பெரியப்பா: நான் வாத்தியாராக இருந்தபோது ஓட்டு எண்ணும் வேலைக்குப் போயிருக்கிறேன். வாக்குச்சீட்டுக் காலம். இரண்டு சின்னத்துக்கும் நடுவில் இருக்கிற கோட்டின் மேல் முத்திரை விழுந்திருக்கும். எந்தப் பக்கம் மை அதிகம் என்று ஏஜென்டுகள் விளக்கைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். அந்த மேஜையில் ஒரு தடவை உட்கார்ந்தவன் எந்த ஓட்டையும் சின்னது என்று சொல்லமாட்டான்.

தம்பி: சரி, சரி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. தொகுதி எல்லையைச் சட்டமன்றக்காரர்களே வரைந்துகொள்கிறார்கள், அப்புறம் முடிவு முன்பே தெரிந்துவிடும் என்று ஆபீஸில் சொல்கிறார்கள். அது உண்மைதானே?

நான்: பாதி உண்மை. அதனால்தான் 2020-ல் வர்ஜீனியா மக்கள் ஓட்டுப் போட்டு அரசமைப்பையே திருத்தி, எல்லை வரைய ஒரு ஆணையம் வைத்தார்கள். ஆணையம் இரண்டு பக்கமும் இழுத்து முடிவு எடுக்கவில்லை. கடைசியில் மாநில உச்ச நீதிமன்றம் வல்லுநர் இருவரை வைத்து வரைந்து 2021 டிசம்பரில் முடித்தது. அந்த வரைபடத்தில் இரண்டு அவைக்கும் நடக்கிற முதல் முழுத் தேர்தல் இதுதான். முந்தைய எம்.எல்.ஏ. பலர் வேறு தொகுதிக்குப் போய்விட்டார்கள். என் வீடு 94-லிருந்து 70 ஆகிவிட்டது.

பெரியப்பா: எல்லை வரைவதும் தேர்தலில் பாதி. இங்கே 2008-ல் மறுவரையறை வந்தபோது சில ஊர்க்காரர்கள் தங்கள் தொகுதி எது என்றே தெரியாமல் கேட்டார்கள்.

நான்: அமெரிக்காவிலும் அப்படித்தான் பெரியப்பா. டென்னசி மாநிலம் 1901-க்குப் பிறகு அறுபது வருஷம் தொகுதி எல்லையை மாற்றவே இல்லை. நகரத்தில் பத்துப் பேருக்கு இருந்த குரல் கிராமத்தில் ஒருவருக்கு இருந்தது. 1962-லும் 1964-லும் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் தொகுதிகள் மக்கள்தொகையில் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும் என்று ஆனது. யாரோ வழக்குப் போட்டு வாங்கிய சமத்துவம் அது. அதை வீட்டில் உட்கார்ந்து விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

தம்பி: யான்சி, சைமண்ட்ஸ் இரண்டு பேருக்கும் பிறகு என்ன ஆயிற்று?

நான்: 2019-ல் மறுபடி மோதினார்கள். சைமண்ட்ஸ் ஜெயித்தார். அந்தத் தடவை நான் காலை ஆறு மணிக்கே வரிசையில் நின்றேன். வாசல் திறக்கும்போது எனக்கு முன்னால் மூன்று பேர்.

தம்பி: நவம்பர் 7 முடியாது அக்கா, நிஜமாகவே முடியாது. வேறு வழி உண்டா?

நான்: உண்டு. முன்கூட்டியே நேரில் போடலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. தேர்தலுக்கு முந்தைய இரண்டு சனிக்கிழமையும் திறந்திருக்கும். 28-ஆம் தேதி இருக்கிறது, நவம்பர் 4 கடைசி நாள்.

தம்பி: அப்படியானால் 28. அக்கா நீங்களும் வருகிறீர்களா?

நான்: உன்னோடு போடலாம் என்றுதான் இதுவரை போடாமல் இருந்தேன். ஆனால் முதலில் தேர்தல் துறைத் தளத்தில் உன் முகவரியைப் போட்டுத் தொகுதி எண் பார். உன் தெரு என் தொகுதியில் இல்லாமல் இருக்கலாம். வேட்பாளர் பெயரை அங்கே போய்ப் படிக்காதே, இன்றைக்கே படி.

சித்தி: ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக்கொள் கண்ணா.

தம்பி: எடுத்துக்கொள்கிறேன் சித்தி. பேனா?

நான்: அங்கேயே கொடுப்பார்கள். வட்டத்தை முழுசாக நிரப்பு. தவறினால் அடித்துத் திருத்தாதே, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு சீட்டு கேள், தருவார்கள்.

பெரியப்பா: போட்டுவிட்டு வந்து குழுவில் சொல்லு தம்பி. எனக்கு அப்போது ராத்திரி ஆகியிருக்கும், முழித்திருக்கிறேன்.