ஹொரேஸ் டேபரின் லெட்வில்: நேரில் சென்றவர்கள் எழுதுங்கள்

வேணி:
அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து லெட்வில் ஊரில், டேபரின் மேட்ச்லெஸ் வெள்ளிச் சுரங்கத்தருகே உள்ள அந்தக் குடிலுக்குள் நான் நின்றது ஐந்து நிமிடங்கூட இராது. கொலராடோவின் துணை ஆளுநராகவும், 1883இல் ஒரு மாதமே அமெரிக்க செனட்டராகவும் இருந்த டேபர் தன் இரண்டாம் மனைவி பேபி டோவை மணந்தபோது அதிபர் செஸ்டர் ஆர்தரே வந்து வாழ்த்தினார். அதே பேபி டோ 1935 மார்ச் மாதம் இந்தத் தரையில் உறைந்து கிடந்தார். காலணிக்கு வழியின்றிச் சாக்குத்துணியைச் சுற்றிக்கொண்டு பனியில் நடந்தவராம். ஜூலையிலேயே பலகை இடுக்கில் புகுந்த காற்றில் என் கால்கள் விறைத்தன. "மேட்ச்லெஸை விட்டுவிடாதே" என்ற கணவரின் கடைசிச் சொல்லுக்காகவே அவர் அங்கே காத்திருந்தார்.

கருமணல்:
வேணி அவர்களே, அந்தக் கடைசிச் சொல் பிற்காலத்தில் எழுதியவர்கள் சேர்த்த புனைவு. நான் லெட்வில்லை ஒட்டிய கலிஃபோர்னியா கல்ச் ஓடையில் ஒரு பிடி கருமணலை அள்ளிப் பார்த்தேன். கையை இழுக்கும் கனம். 1860இல் தங்கம் அரித்தவர்கள் தொல்லை என்று சபித்து ஒதுக்கிய அந்த மணலில்தான் வெள்ளி கலந்த ஈயம் இருந்தது. 1878இல் ரிஷே, ஹுக் என்ற சுரங்கம் தேடிய இருவருக்குத் தன் கடையிலிருந்து கடனாக மளிகை கொடுத்து, கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு பேசிக்கொண்டார் டேபர். அவர்கள் தோண்டிய லிட்டில் பிட்ஸ்பர்க் சுரங்கம் அவரைச் செல்வராக்கியது. போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஊர் 3,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது, ஆகையால் முதல் நாள் டென்வரிலேயே தங்குங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், மேட்டில் விரைந்து ஏறாதீர்கள், தலைவலி கூடினால் தயங்காமல் கீழே இறங்கிவிடுங்கள், கோடையிலும் கம்பளிச் சட்டை எடுத்துச் செல்லுங்கள்.

தாமரைச்செல்வி:
இருவருமே அகஸ்டாவை மறந்துவிட்டீர்கள். 1859இல் சிறு குழந்தையுடன் இந்த மலைகளுக்கு வந்து, ரொட்டி சுட்டு விற்று, சுரங்கத்தாருக்குச் சமைத்துப் போட்டு, கடையையும் அஞ்சலகத்தையும் நடத்தியவர் அந்த முதல் மனைவிதான். அவர் உழைப்பில்லாமல் கடனாகக் கொடுக்க மளிகை ஏது? 1893இல் வெள்ளி விலை சரிந்து டேபர் அனைத்தையும் இழந்தார். 1899இல் இறந்தபோது அவர் டென்வரின் அஞ்சலகத் தலைவர். அங்கே அவர் 1881இல் திறந்த டேபர் கிராண்ட் ஆப்ரா அரங்கைத் தேடி 16ஆம் தெருவுக்குப் போனேன். 1964இல் இடித்துவிட்டார்கள், அவ்விடத்தில் இப்போது பெடரல் ரிசர்வ் வங்கி நிற்கிறது. அதன் சுவரில் கைவைத்தபடி வெகுநேரம் நின்றிருந்தேன்.