யூரோரீஜியன்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

வணக்கம். ஐரோப்பாவில் எல்லையோர உள்ளாட்சிகள் நாட்டெல்லையைப் பாராமல் சேர்ந்து பணியாற்ற அமைக்கும் அமைப்புக்கு 'யூரோரீஜியன்' என்று பெயர். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும்போது எழுந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

> 'எல்லை தாண்டிய வட்டாரம்' என்றே வைத்துவிட்டால் என்ன?

'எல்லை தாண்டி' என்றதும் நம் செய்தித்தாள் வாசகருக்கு மீனவர் கைதும் பயங்கரவாதமும்தான் நினைவுக்கு வரும். அந்தத் தொடரில் குற்ற வாடை ஏறிவிட்டது. 'எல்லை கடந்த' என்றாலோ பக்திப் பாடல் ஆகிவிடுகிறது. இரண்டும் வேண்டாமே.

முதலில் இது என்ன என்று பார்த்துவிடலாம். 1958-இல் ஜெர்மனியின் குரோனாவ், நெதர்லாந்தின் என்ஸ்கெடே பக்கத்து உள்ளாட்சிகள் சேர்ந்து 'யூரேகியோ' என்ற அமைப்பைத் தொடங்கின. இந்த வகையில் அதுதான் முன்னோடி. தலைநகரம் போட்ட திட்டமல்ல, எல்லையோரத்தார் தாமாகக் கூடியது. இத்தகைய அமைப்புகள் சட்டமும் இயற்றா, வரியும் போடா. அதனால் 'மண்டலம்' பொருந்தாது, ஆட்சிப் பிரிவு போலத் தோன்றும். 'வட்டாரம்' என்பதிலும் பி.டி.ஓ. ஆபீஸ் வாசனை உண்டுதான். ஆனால் வட்டார வழக்கு, வட்டார இலக்கியம் என்றும் புழங்குவதால் தாங்கும்.

> 'இருநாட்டு வட்டாரம்' எளிமையாக இருக்கிறதே?

எளிமைதான். ஆனால் நைசெ ஆற்றையொட்டி 1991-இல் அமைந்ததில் ஜெர்மனி, போலந்து, அன்றைய செக்கோஸ்லோவாக்கியா என மூன்று நாடுகள். மாஸ்-ரைன் வட்டாரத்திலும் நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி என மூன்று. 'இரு' அங்கே நிற்காது.

என் பரிந்துரை: எல்லைக்கூட்டு வட்டாரம். மாற்றிப்போட்டு 'கூட்டெல்லை' ஆக்கிவிடக் கூடாது, அது நாடுகளுக்குப் பொதுவான எல்லைக்கோட்டைக் குறித்துவிடும்.

> சட்டபூர்வ அமைப்புக்கும் இதே சொல் போதாதா?

போதாது. பிரெனீஸ் மலையில் செர்தான்யா என்றொரு பள்ளத்தாக்கு. 1659 உடன்படிக்கை அதை பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்குமாகப் பிரித்துவிட்டது. பிரான்ஸ் பக்கத்துக்காரருக்குப் பெரிய நோய் வந்தால் மலைப்பாதையில் பிரான்ஸின் பெர்பிஞ்ஞான் நகரம் வரை போக வேண்டியிருந்தது. 2014-இல் ஸ்பெயின் பக்கத்து புச்செர்தாவில் இரு பக்கத்தாருக்குமாக ஒரு பொது மருத்துவமனை திறந்தார்கள். மருத்துவர்களை நியமிப்பது யார், கட்டடம் யார் பெயரில்? இதற்கென்றே ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் ஒரு சட்டவிதி கொண்டுவந்திருந்தது. அதன்படி அமையும் அமைப்பு தன் பெயரிலேயே சொத்து வாங்கலாம், ஆள் எடுக்கலாம், ஒப்பந்தம் போடலாம். இந்த மருத்துவமனையை நடத்துவதும் அப்படியொரு அமைப்புதான். வட்டாரம் சம்பளம் கொடுக்குமா? ஆகவே இதற்கு எல்லைக்கூட்டுக் குழுமம் என்று தனிச்சொல் வேண்டும். நடக்கும் வேலையை எல்லைக்கூட்டுப் பணி எனலாம். 'இன்டர்ரெக்' என்பது இத்தகைய பணிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் நிதித்திட்டத்தின் பெயர், அப்படியே இருக்கட்டும்.

ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "ஆஸ்திரியாவின் டிரோல், இத்தாலியின் தென் டிரோல், டிரென்டினோ ஆகியவை சேர்ந்த எல்லைக்கூட்டு வட்டாரம், 2011-இல் எல்லைக்கூட்டுக் குழுமமாகச் சட்ட உரு பெற்றது." எனக்கு உறுத்தவில்லை. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்திருந்தால் இதை எழுதவே முடியாது.

'குழுமம்' என்றால் தொழில் நிறுவனம் போல இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள், நியாயம்தான். வேறு சொல் இருந்தால் தாருங்கள். 'கூட்டமைப்பு' மட்டும் வேண்டாம். அது ஏற்கெனவே ஃபெடரேஷனுக்கும் அசோசியேஷனுக்கும் நடுவில் அல்லாடிக்கொண்டிருக்கிறது.