ஃபேமிலி கேம்பர் டிரெய்லர்: 70 தாண்டுனா வாலாட்டுது, வாங்கலாமா விட்டுடலாமா?

மாரத்தஹள்ளி மச்சான்:
வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க. நாங்க 5 பேர், நான், வீட்டம்மா, ரெண்டு பசங்க, என் மாமியார். வண்டி டீசல் 7 சீட்டர் எஸ்யூவி, ஃபோர் வீல் டிரைவ். சக்லேஷ்பூர், ஹம்பி, கோகர்ணான்னு லீவுக்குப் போறப்பல்லாம் ரெண்டு ரூம் போட்டு கட்டுப்படியாகல, அதனால கார் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போய் விரிச்சுத் தங்கற ஒரு ஆஃப்-ரோடு கேம்பர் டிரெய்லர் வாங்கிடலாம்னு ரொம்ப நாளா யோசனை. ஆஸ்திரேலியாக்காரங்க வீடியோவா பாத்துத் தள்ளிட்டோம், மூடி முன்பக்கமா விரியற ஃபார்வர்ட் ஃபோல்டு எது, பின்பக்கமா விரியற ரியர் ஃபோல்டு எதுன்னு என் சின்னவனே சொல்லுவான், ஆனா இங்க வாங்கறதுக்கு யாரைக் கேட்டாலும் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

பீன்யா பக்கம் ஒரு ஷெட்ல செஞ்சு வச்சிருந்த ஒண்ணைப் பாத்தேன். பெட்டி டைப், சிங்கிள் ஆக்சில், மேல ரூஃப் டாப் டென்ட், கீழ சுத்தி மறைப்பு போட்டா ஒரு ரூம், பின்னாடி இழுக்கற கிச்சன், 80 லிட்டர் தண்ணி டேங்க். காலி எடை 550 கிலோன்னார். மாட்டிட்டு துமகூர் ரோட்ல நெலமங்களா வரைக்கும் ஓட்டிப் பாத்தேன். 50, 60ல பூ மாதிரி வருது. 70 தாண்டுனதும் பின்னாடி இடம் வலமா ஆட ஆரம்பிச்சுது, பக்கத்துல ஒரு பஸ் ஓவர்டேக் பண்ணப்ப எனக்கு உள்ளங்கை வேர்த்துடுச்சு. கேட்டா "டயர் புதுசு சார், ஓட ஓட சரியாயிடும்"னு சொல்றார். நெஜமாவே சரியாகுமா? இல்ல இதை விட்டுட்டு வெளிநாட்டு ஃபார்வர்ட் ஃபோல்டு ஒண்ணு 1400 கிலோ சொச்சம், ஒருத்தர் வரவழைச்சுத் தரேங்கறார், அதைப் பாக்கலாமா?

பீன்யா ஃபிட்டர்:
ஓட ஓட சரியாகாது சார், ஓட ஓட ஒரு நாள் கவுத்துடும். அவர் சொல்றதை விடுங்க. மொதல்ல ஒண்ணு சொல்லுங்க, பால் வெயிட் எவ்வளவு? அதாவது வண்டியோட கொக்கி உருண்டை மேல டிரெய்லர் மூக்கு எவ்வளவு கிலோ அமுக்குது. மொத்த எடையில சுமார் 10 சதவீதம் இருக்கணும். அதுக்கு ரொம்பக் கீழ போச்சுன்னா பின்பாரம் ஜாஸ்தின்னு அர்த்தம், அப்ப வாலாட்டும். நீங்க சொல்ற டிசைன்ல கிச்சன் பின்னாடி, ஃபிரிட்ஜ் அனேகமா பின்னாடி, டேங்கையும் குழாய்க்குப் பக்கமா இருக்கட்டும்னு பின்னாடியே வச்சிருப்பாங்க.

அளக்கறது கஷ்டமே இல்ல. வீட்ல ஏறி நிக்கற எடை மெஷினை எடுத்துட்டுப் போங்க. சமதரையில டிரெய்லரை நிறுத்தி சக்கரத்துக்குக் கட்டை போட்டு, மெஷின் மேல ஒரு மரக்கட்டையை செங்குத்தா வச்சு, மாட்டுனா மூக்கு எந்த உயரத்துல நிக்குமோ அதே உயரத்துல அது மேல மூக்கை இறக்குங்க. ஜாக்கி சக்கரம் தரையைத் தொடக்கூடாது. டேங்க் ஃபுல்லா ஒரு தடவை, காலியா ஒரு தடவை. அப்படியே பக்கத்துல லாரி எடை போடற எந்த வே பிரிட்ஜ்லயாவது டிரெய்லரை மட்டும் ஏத்தி ரசீது வாங்கிக்கோங்க. 550ங்கறது வாய்க்கணக்கு.

இன்னொண்ணு, அடுத்த தடவை ஆட ஆரம்பிச்சா வண்டி பிரேக்கை மிதிச்சுடாதீங்க, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டவும் வேணாம். ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு ஸ்டியரிங்கை நேரா புடிங்க, தானா அடங்கும். டிரெய்லர்ல எலக்ட்ரிக் பிரேக் இருந்தா அதை மட்டும் கையால லேசா போடலாம்.

பெர்த் சித்தப்பா:
நான் இங்க ஆஸ்திரேலியாவுல ஃபார்வர்ட் ஃபோல்டுதான் வச்சிருக்கேன் தம்பி, அதனால தைரியமா சொல்றேன், உங்களுக்கு அது வேணாம். இங்க ஒரு எடத்துல போய் விரிச்சா நாலஞ்சு நாள் அங்கயே கிடப்போம், நெலம் பரந்து கிடக்கு, வண்டியும் 3 டன், 3.5 டன் இழுக்கற ரகம். அதுக்குன்னு செஞ்சது அது. உள்ள படுக்கை மேல இருக்கும், மூணு நாலு படி ஏறி உருண்டு படுக்கணும். மாமியார் ராத்திரி பாத்ரூம் போக எந்திரிச்சா என்ன பண்ணுவீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. அப்புறம் 1400 கிலோ காலி எடைன்னா சாமானோட 1700, 1800க்குப் போயிடும், பால் வெயிட்டே 170 ஆகும்.

எங்க ஊர் சட்டம் 750 கிலோ வரைக்கும் சிங்கிள் ஆக்சில்னா பிரேக் இல்லாமலே விடும், அதுக்கு மேல 2 டன் வரைக்கும் ஒரு ஆக்சில்லயாவது பிரேக் இருந்தாகணும், 2 டன் தாண்டுனா எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக், கூடவே கழண்டு போனா தானா புடிக்கற பிரேக்அவே. நீங்க எந்த ஊர்ல இருந்தாலும் இந்தக் கணக்கை மனசுல வச்சுக்கறது நல்லது.

சஸ்பென்ஷன் விஷயத்துல மட்டும் வீடியோக்காரங்க பேச்சைக் கேக்காதீங்க. ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியா ஏறி இறங்கற இண்டிபென்டென்ட் டிரெய்லிங் ஆர்ம், காயில், டபுள் ஷாக் எல்லாம் இங்க நூத்துக்கணக்கான கிலோமீட்டர் வரிவரியா கிடக்கற மண் ரோட்டுக்கு வேணும். உங்களுக்கு லாரிக்காரங்க போடற ஸ்பிரிங் பட்டையே போதும், சித்ரதுர்கா பைபாஸ்ல ராத்திரி பத்து மணிக்கு உடைஞ்சாலும் மாத்த ஆள் கிடைப்பான்.

பேப்பர் புலி:
எல்லாரும் மெக்கானிக் பேசறீங்க, பேப்பர் பத்தி ஒருத்தரும் கேக்கல. டிரெய்லரும் ஒரு வண்டிதான், அதுக்கும் தனி ரிஜிஸ்ட்ரேஷன் வேணும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 61 பாருங்க: டிரெய்லர் நம்பர் அதோட பக்கவாட்டுல இருக்கணும், இழுக்கற வண்டியோட நம்பரும் டிரெய்லர்ல தெரியணும். எடை 0.75 டன் வரைக்கும் டி1, அதுக்கு மேல 3.5 டன் வரைக்கும் டி2ன்னு பிரிச்சிருக்காங்க. ஷெட்காரர் கிட்ட கேக்க வேண்டியது ஃபார்ம் 21 சேல் சர்டிபிகேட், ஃபார்ம் 22 தகுதிச் சான்று, அந்த மாடலுக்கு டைப் அப்ரூவல் இருக்கான்னு. புனேல ஏஆர்ஏஐ, மானேசர்ல ஐகேட் மாதிரி எடத்துல டெஸ்ட் பண்ணித் தர்றது அது. "சும்மா ஓட்டுங்க சார் யாரும் கேக்க மாட்டாங்க"ன்னு சொன்னார்னா அங்கயே கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க, போலீஸ் கேக்கலன்னாலும் ஒரு ஆக்சிடென்ட் ஆனா இன்சூரன்ஸ்காரன் கேப்பான். உங்க கார் பாலிசியிலயும் டிரெய்லர் இழுக்கறதை எழுத்துல சொல்லி எண்டார்ஸ்மென்ட் வாங்குங்க. கார் மேனுவல்ல டோயிங் பத்தி என்ன போட்டிருக்குன்னும் ஒரு வார்த்தை படிங்க, சில மாடல்ல இழுக்கவே கூடாதுன்னு போட்டிருப்பாங்க.

இறக்குமதி வண்டி கதை இன்னும் மோசம், டூட்டி கட்டி போர்ட்ல இருந்து எடுத்தாலும் இங்க ரிஜிஸ்டர் ஆகற வரைக்கும் அது வெறும் விலை ஒசந்த அலமாரி.

ஈரக் கேன்வாஸ்:
நான் பொம்பளைங்க பக்கத்துல இருந்து சொல்றேன் தம்பி. நீங்க அபார்ட்மென்ட்ல இருக்கீங்கன்னு நினைக்கறேன். கூர்க்ல மழையில நனைஞ்ச டென்ட்டை ஞாயித்துக்கிழமை காலையில அப்படியே மடிச்சுக் கட்டிட்டு வருவீங்க, திங்கக்கிழமை ஆபீஸ். எங்க விரிச்சுக் காய வைப்பீங்க? ரெண்டு மூணு நாள் ஈரமா மடிஞ்சு கிடந்தா கறுப்பா புள்ளி புள்ளியா பூஞ்சை புடிச்சுக்கும், அந்த வாசனை மெத்தைக்கும் ஏறிடும், அப்புறம் எந்த சோப்பு போட்டாலும் போகாது. எங்க அசோசியேஷன்ல மொட்டை மாடியில காயப்போடவே லெட்டர் குடுத்து பர்மிஷன் வாங்க வேண்டியிருந்துச்சு. பேஸ்மென்ட் ரேம்ப்ல டிரெய்லர் இறங்குமா, மேல டென்ட்டோட உயரம் எவ்வளவு, ரேம்ப் அடியில வளைவு திரும்புமா, டேப் வச்சு அளந்துட்டு அட்வான்ஸ் குடுங்க.

மாமியாருக்கு கீழ ரூம்லயே கட்டில் போடுங்க, அலுமினியம் மடக்குக் கட்டில் உயரமானதா. கையில தூக்கற கெமிக்கல் டாய்லெட் ஒண்ணு வாங்கிடுங்க, அதுக்குன்னு ஒரு சின்ன கூடாரம். இதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க, அந்த ஒரு சாமான் இல்லன்னா அடுத்த டிரிப்புக்கு வீட்ல யாரும் கிளம்ப மாட்டாங்க. அப்புறம், குளிருக்குன்னு அடுப்பையோ கரி சட்டியையோ கூடாரத்துக்குள்ள வச்சுட்டுத் தூங்கவே கூடாது, அந்தப் புகை வாசனை இல்லாமலே ஆளைக் கொன்னுடும்.

ரூம் போடு மாமே:
ஏன்யா இவ்வளவு பாடு. அந்தக் காசுக்கு பத்து வருஷம் ஹோம்ஸ்டேல இட்லியும் கடுபும் சாப்ட்டு நிம்மதியா வரலாம்.

மாரத்தஹள்ளி மச்சான்:
@ரூம் போடு மாமே, வீட்டம்மாவும் அதையேதான் சொன்னா, ஆனா மாமியார் என் கட்சி.

@பீன்யா ஃபிட்டர் அண்ணே, நீங்க சொன்னபடியே மெஷினை எடுத்துட்டுப் போனேன், ஷெட்ல இருந்த பையன்லாம் சிரிச்சாங்க. வே பிரிட்ஜ் ரசீது 780 கிலோ, டேங்க் ஃபுல்லா. அதாவது தண்ணியைக் கழிச்சாலும் 700, ஃபிரிட்ஜ், பேட்டரி, கேஸ் சிலிண்டர், கிச்சன் சாமான் உள்ள இருந்துச்சு. பால் வெயிட் டேங்க் ஃபுல்லா 30 கிலோ, காலியா 58. டேங்க் நீங்க சொன்ன மாதிரியே பின்னாடி கிச்சனுக்கு அடியிலதான் இருக்கு. காலி டேங்கோட மறுபடி துமகூர் ரோட்ல விட்டேன், 80 வரைக்கும் ஆட்டம் இல்ல, லாரி ஓவர்டேக் பண்ணப்ப மட்டும் ஒரு குலுக்கு, உடனே அடங்கிடுச்சு. ஷெட்காரரும் பாத்தார், ஒண்ணும் பேசல. இப்ப என்ன பண்றது?

பீன்யா ஃபிட்டர்:
பாத்தீங்களா, 780க்கு 30ன்னா 4 சதவீதம் கூட இல்ல. காலி டேங்க்ல 700க்கு 58, 8க்கு மேல வந்துடுச்சு, ஆட்டம் நின்னுடுச்சு. ஆக, வியாதி டயர்ல இல்ல, டேங்க் இருக்கற எடத்துல. டேங்கை ஆக்சிலுக்கு முன்னாடி கொண்டு வரச் சொல்லுங்க, ஃபுல்லா இருந்தாலும் மூக்கு 75 கிட்ட வந்துடும், அது சரியான அளவு. உள்ள தடுப்புத் தகடு வச்ச டேங்கா கேளுங்க, பாதி தண்ணியில அலை அடிக்கக் கூடாது. பேட்டரியும் முன்னாடி வந்தா இன்னும் நல்லது. அவர் மாத்திக் குடுத்தா, பேப்பரும் கிளியரா இருந்தா, இந்த டிரெய்லர் மோசமில்ல.

ஆனா இப்பதான் அடுத்த கணக்கு. அந்த 75 கிலோ உங்க வண்டி தலையில ஏறுது. மொத்த அனுமதி எடையில இருந்து வண்டி எடையைக் கழிச்சா என்ன மிச்சம் வருதோ அதுல ஆளுங்க, லக்கேஜ், பால் வெயிட், கொக்கி ஃபிரேம், மேல கேரியர் எல்லாம் அடங்கணும். உங்களுக்கு என்ன வருது?

மாரத்தஹள்ளி மச்சான்:
கழிச்சா 550 வருது அண்ணே. ஆளுங்க அஞ்சு பேரும் சேத்து 280. லக்கேஜ் 70ன்னு வைங்க. பால் வெயிட் 75, கொக்கி ஃபிரேம் 25, கேரியர் 40. மொத்தம் 490. அப்ப கேரியர் மேல எதுவும் கட்டக் கூடாது போல.

பீன்யா ஃபிட்டர்:
கட்டாதீங்க. கேரியரையே கழட்டிடுங்க, இனிமே எதுக்கு அது.

பிரேக்குக்கு வரேன். 700 கிலோவுக்கு மேல போயிட்டீங்க, நீங்க போறது ஷிராடி காட், திம்பம் மாதிரி எடம், திம்பத்துல மட்டும் 27 கொண்டை ஊசி. பிரேக் இல்லாம வேணவே வேணாம். ரெண்டு வகை இருக்கு. ஓவர்ரைடு, வண்டி பிரேக் போட்டா டிரெய்லர் முன்னாடி தள்ளும், அந்தத் தள்ளல்ல அதோட பிரேக் புடிக்கும், சிம்பிள், வயரிங் இல்ல. ஆனா நீள இறக்கத்துல டிரெய்லர் தள்ளிக்கிட்டே இருக்கும், பிரேக்கும் புடிச்சுக்கிட்டே இருக்கும், சூடாகிடும். மேட்டுல ரிவர்ஸ் எடுத்தாலும் புடிச்சுக்கும், அதுக்கு ஒரு லாக் போடணும். எலக்ட்ரிக்னா டேஷ்போர்டுல கன்ட்ரோலர் வரும், விலை கூட, ஆனா காட் ரோட்டுக்கு அதுதான் என் ஓட்டு. எது போட்டாலும் இறக்கத்துல சின்ன கியர்ல, எஞ்சின் புடிப்புலயே இறங்குங்க.

லைட் கனெக்‌ஷனுக்கு கார் டெயில் லேம்ப் வயரை வெட்டி ஒட்டறதை ஒத்துக்காதீங்க. இப்ப வர்ற வண்டியில எல்லாம் கம்ப்யூட்டர் பல்பைக் கவனிச்சுட்டே இருக்கு, டேஷ்ல எரர் அடிக்கும், வாரண்டியிலயும் கை வைப்பான். தனி மாட்யூல் வச்சு பேட்டரியில இருந்து லைன் இழுத்து 7 பின் சாக்கெட் குடுக்கச் சொல்லுங்க. சேஃப்டி செயின் ரெண்டு, மூக்குக்கு அடியில குறுக்கா மாட்டணும், மூக்கு கழண்டாலும் செயின் மேல உக்காரும், ரோட்ல குத்தாது.

பேப்பர் புலி:
கூடவே ஒரு விஷயம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போறதுன்னா 2024 மே மாசத்துல இருந்து ஈ-பாஸ் இருக்கு, பந்திப்பூர் ரோடு ராத்திரி 9ல இருந்து காலை 6 வரைக்கும் மூடிடுவாங்க, டிரெய்லரோட நீங்க எப்பவும் போற நேரத்துக்குப் போய்ச் சேர மாட்டீங்க, ஒரு மணி நேரமாவது முன்னாடி கிளம்புங்க. காட்டு ஓரத்துல கண்ட எடத்துல விரிக்க முடியாது, ஃபாரஸ்ட்காரங்க எழுப்பி விட்டுடுவாங்க. தோட்டம் வச்சிருக்கற ஹோம்ஸ்டேகாரங்க கிட்ட எடத்துக்கும் பாத்ரூமுக்கும் மட்டும் காசு பேசிக்கோங்க, நெறைய பேர் ஒத்துக்கறாங்க.

மாரத்தஹள்ளி மச்சான்:
ஃபார்வர்ட் ஃபோல்டு கேன்சல். ஷெட்காரர் கிட்ட பேசினேன், டேங்கும் பேட்டரியும் முன்னாடி மாத்தி எலக்ட்ரிக் பிரேக் போட்டுத் தரேன்னு ஒத்துக்கிட்டார், அதுக்குத் தனியா காசு கேக்கறார், பரவால்ல. டைப் அப்ரூவல் பேப்பர் காப்பி கேட்டிருக்கேன், கையில வந்தப்புறம்தான் அட்வான்ஸ். ஹப்பும் வீல் ஸ்டட்டும் என் வண்டியோடதே போடச் சொல்லிட்டேன், ஒரே ஸ்டெப்னி ரெண்டுக்கும் ஆகும்னு. ரேம்ப் அளந்தாச்சு அக்கா, டென்ட்டோட இறங்காது, மேல விசிட்டர் பார்க்கிங்ல வைக்க அசோசியேஷன் கிட்ட கேட்டிருக்கேன், அவங்க மீட்டிங் போட்டு முடிவு சொல்றாங்களாம்.

பீன்யா ஃபிட்டர்:
டிரெய்லருக்குத் தனி ஸ்டெப்னி இல்லன்னா ஒரு பயணத்துல ரெண்டு பஞ்சர் ஆனா மாட்டிக்குவீங்க, ஒண்ணு கூட வச்சுக்கோங்க. அதை முன்னாடி மூக்குக்குப் போற முக்கோண ஏ-ஃபிரேம் மேல மாட்டுனா மூக்கு இன்னும் ஒரு 20 கிலோ ஏறும், உங்களுக்கு மிச்சம் இருக்கறதே 60, கேரியர் கழட்டுனா 100. அதனால எல்லாம் மாட்டி முடிச்சப்புறம் அந்த வீட்டு மெஷினை மறுபடி எடுத்துட்டுப் போங்க.