மான் வேட்டைக்குக் கைத்துப்பாக்கி: எந்தக் காலிபர் (குண்டின் விட்டம்)? நாளைக்குள் சொல்ல வேண்டும்

புதுவரவு:
அனைவருக்கும் வணக்கம். கோடை முடிவில்தான் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தோம். தேங்க்ஸ்கிவிங் முடிந்து வரும் திங்கட்கிழமை மான் வேட்டைக்கு வரும்படி என் மேலாளர் அழைத்திருக்கிறார். அவருடைய அண்ணனின் பண்ணையில் வேட்டை. தன்னிடமுள்ள மூன்று கைத்துப்பாக்கிகளில் ஒன்றை இரவல் தருகிறாராம்: .357 மேக்னம், .44 மேக்னம், 10 மி.மீ. எது வேண்டும் என்று நாளை சொல்லிவிட்டால் அதற்கேற்ற தோட்டாவை வாங்கி வைப்பார். நான் இதுவரை துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. மறுத்துவிடவும் தயக்கமாக இருக்கிறது. டிசம்பரில் என் வேலை மதிப்பீடு அவர் கையில். மனைவி கோபத்தில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எதைத் தேர்ந்தெடுப்பது? உடனே சொல்லுங்கள்.

ஹூஸ்டன் தென்றல்:
தம்பி, யோசிக்கவே வேண்டாம், .44 கேளுங்கள். 1955-லிருந்து வேட்டைக்காரர்கள் நம்பும் தோட்டா. 240 கிரெய்ன் (தோட்டாவின் குண்டை எடைபோடும் சிறு அலகு) எடையுள்ள குண்டு மானின் விலாவில் புகுந்து பெரும்பாலும் மறுபக்கம் வெளியேறிவிடும். இரு பக்கமும் துளை விழுந்தால் இரத்தத் தடம் தெளிவாக இருக்கும், ஓடிய மானைத் தேடிப் பிடிக்கலாம். .357-ல் அந்த உறுதி இல்லை. அடிபட்ட மான் புதருக்குள் போய் இரவெல்லாம் துடித்துச் சாவதைவிடப் பெரிய பாவம் கிடையாது. இங்கே டெக்சாஸில் வெண்வால் மானுக்கு ரிம்ஃபயர் (விளிம்பில் அடித்து வெடிக்கும் வகை) தோட்டா கூடாது என்பார்கள், மற்றபடி காலிபர் நம் விருப்பம்.

கொங்கு நாட்டான்:
ஹூஸ்டன் அண்ணன் சொல்வதை நான் ஏற்கவில்லை. முதன்முதலாகச் சுடுகிறவர் கையில் .44-ஐக் கொடுத்தால் என்ன ஆகும்? முதல் வெடியிலேயே உள்ளங்கை அதிர்ந்துபோகும். அடுத்த முறை விசையை இழுப்பதற்கு முன்பே உடல் அந்த அதிர்வுக்குப் பயந்து மணிக்கட்டைக் கீழே அழுத்திவிடும். நெஞ்சுக்குக் குறி வைத்த குண்டு முன்னங்காலில் போய் விழும். .357-ல் 158 முதல் 180 கிரெய்ன் வரையுள்ள வேட்டைக் குண்டு, 50 கெஜத்துக்குள், பக்கவாட்டில் அசையாமல் நிற்கும் மான்: இவ்வளவு இருந்தால் போதும். பயிற்சிக்கு அதே ரிவால்வரில் .38 ஸ்பெஷல் போட்டுச் சுடலாம், அதிர்வு குறையும். 10 மி.மீ. வலுவுள்ளதுதான். ஆனால் மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியை) உருவிய பிறகும் துப்பாக்கியின் அறைக்குள் ஒரு தோட்டா மிச்சமிருக்கும் என்பது புதியவருக்கு நினைவில் நிற்காது.

ஹூஸ்டன் தென்றல்:
பயிற்சி எடுத்தால் .44-உம் பழகிவிடும். .44 ஸ்பெஷல் என்று மெதுவான தோட்டா அதற்கும் உண்டு.

மினியாபோலிஸ் வாசகன்:
துப்பாக்கி கிடக்கட்டும். குளிருக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் ஐயா? நவம்பர் இறுதியில் விடியலுக்கு முன் மரத்தடியில் அசையாமல் உட்கார வேண்டும். நான் முதல் குளிர்காலத்தில் சென்னையில் வாங்கிய ஜாக்கெட்டோடு பஸ் நிறுத்தத்தில் நின்றேன். கார் இல்லை, கடன் வரலாறு இல்லாததால் வீடு தரவும் ஆளில்லை, குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை. ஜீன்ஸ் நனைந்தால் காயாது. உள்ளே கம்பளி, வெளியே காற்றுப் புகாத மேலுறை, இரண்டு ஜோடி கையுறை. விரல் மரத்துப்போனால் விசை எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

ஸ்காபரோ அக்கா:
தம்பி, கைத்துப்பாக்கியால் மான் வேட்டையே கூடாது. கனடாவில் அதற்கு அனுமதி இல்லை. 2022 அக்டோபரிலிருந்து பொதுமக்களுக்குள் கைத்துப்பாக்கி வாங்கல் விற்றலையே முடக்கிவிட்டார்கள். உங்கள் மனைவியின் பக்கம்தான் நான். வெடிச் சத்தம் கேட்டு வளர்ந்த எங்களுக்கு வீட்டில் ஒரு துப்பாக்கி இருக்கிறது என்றாலே உறக்கம் வராது. அவரோடு முதலில் உட்கார்ந்து பேசுங்கள்.

ஹூஸ்டன் தென்றல்:
அக்கா, அவர் இருப்பது அமெரிக்கா. கனடாச் சட்டம் இங்கே எதற்கு?

நியூ ஜெர்சி தோட்டக்காரி:
அமெரிக்கா என்றால் எல்லா இடமும் டெக்சாஸ் இல்லை. எங்கள் மாநிலத்திலும் கைத்துப்பாக்கியால் மானைச் சுட முடியாது. ஆனால் மான்கள் பெருகித்தான் கிடக்கின்றன. பந்தலில் ஏறிய அவரைக்கொடியை ஒரே இரவில் தரைமட்டமாக மேய்ந்துவிட்டன. வேலி உயர்த்தலாமென்றால் குடியிருப்புச் சங்கம் விடுவதில்லை. போன வருடம் ஒரு மான் காரின் குறுக்கே பாய்ந்தது. காம்ப்ரிஹென்சிவ் காப்பீடு (மான் மோதல் போன்ற சேதங்களுக்கானது) இருந்ததால் தப்பித்தோம். புதிதாகக் கார் வாங்குகிறவர்கள் அதை விட்டுவிடாதீர்கள்.

மினியாபோலிஸ் வாசகன்:
உண்மை சகோதரி. அது இருக்கட்டும், மேலாளர் கூப்பிட்டார் என்பதற்காக விடுமுறையையும் தாரை வார்க்க வேண்டியிருக்கிறதே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விசா அவர்கள் கையில் இருக்கும்வரை சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறோம். மீன்பிடிக்கக் கூப்பிட்டால் போகிறோம், கால்பந்து பார்க்கக் கூப்பிட்டால் போகிறோம். பொங்கலுக்கு நாம் கூப்பிட்டால் ஒருவரும் வருவதில்லை.

கிளீவ்லாந்துக்காரர்:
எல்லோரும் கொஞ்சம் நில்லுங்கள். தம்பி, நீங்கள் எந்த மாநிலம்? என்ன விசா? வேட்டை உரிமம் வாங்கியாயிற்றா? அந்த மூன்று துப்பாக்கிகளின் குழல் நீளம் என்ன? இவை தெரியாமல் காலிபர் பேசிப் பயனில்லை.

புதுவரவு:
மன்னிக்கவும் ஐயா. ஒஹாயோ, கொலம்பஸ் அருகே. எச்-1பி விசா (வேலைக்கான தற்காலிக விசா). உரிமம் இல்லை; சொந்தப் பண்ணை என்பதால் தேவையில்லை என்றார் மேலாளர். .44-க்குக் குழல் நான்கு அங்குலம், .357-க்கு ஆறு. 10 மி.மீ. பற்றிக் கேட்கவில்லை.

கிளீவ்லாந்துக்காரர்:
தம்பி, இன்றிரவு அவரிடம் எதற்கும் சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

எச்-1பி, எஃப்-1 (மாணவர் விசா) போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். இரவல் வாங்கிச் சில மணி நேரம் கையில் வைத்திருந்தாலும் அதே கணக்கு. சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துப் பழகுவதும் அதில் சேரும். தெரிந்தே கொடுப்பவருக்கும் சிக்கல் உண்டு. இந்தக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாட்டைவிட்டே அனுப்பிவிடலாம். விலக்கு ஒன்று இருக்கிறது: அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். அதாவது முதலில் உரிமம், பிறகுதான் துப்பாக்கியைத் தொடுவது.

சொந்தப் பண்ணை விலக்கு நில உரிமையாளருக்கும் அவருடைய மனைவி மக்களுக்கும் உரியது. விருந்தாளிக்குப் பொருந்தாது. உங்களுக்கு உரிமமும் வேண்டும், அதற்குமேல் மான் பெர்மிட்டும் வேண்டும், மேலாளரின் அண்ணனுடைய எழுத்துபூர்வ அனுமதியும் வேண்டும். ஒஹாயோவில் ஆறு மாதம் வசித்திருந்தால்தான் உள்ளூர்க் கட்டணம். நீங்கள் வெளிமாநிலத்தார் கட்டணம் கட்ட நேரும், அது கணிசமாக அதிகம். புதியவர்கள் வேட்டைக்கல்வி வகுப்பை முடித்திருக்க வேண்டும். முடிக்காதவர்களுக்குப் பயிலுநர் உரிமம் என்று ஒன்று உண்டு. உரிமம் பெற்ற, 21 வயது நிரம்பிய ஒருவர் கூடவே இருக்க வேண்டும். ஆனால் துப்பாக்கியையே தொட்டிராத நீங்கள் வகுப்பைத் தவிர்க்கக் கூடாது என்பேன்.

இனி நீங்கள் கேட்டது. ஒஹாயோவில் மான் சுடும் கைத்துப்பாக்கிக்குக் குழல் குறைந்தது ஐந்து அங்குலம். தோட்டா நேர்ச்சுவர் வகை (கழுத்துப் பகுதி குறுகாத நேரான உறை), .357 அல்லது அதற்கு மேல். காலிபர் கணக்கில் மூன்றுமே தேறும். ஆனால் அந்த .44 நான்கு அங்குலம், சட்டப்படி உதவாது. 10 மி.மீ. துப்பாக்கிகளில் பல ஐந்தை எட்டுவதில்லை, அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மிஞ்சுவது ஆறங்குல .357. கொங்கு நாட்டார் சொன்ன 50 கெஜம்கூட உங்களுக்கு அதிகம். 25 கெஜத்தில் ஆறங்குலத் தட்டில் எல்லாக் குண்டும் விழும்வரை மானை நோக்கிக் குழலை நீட்டக் கூடாது. ஒரு வார இறுதியில் அது வராது.

ஆகவே என் யோசனை: இந்தத் திங்கட்கிழமை துப்பாக்கி இல்லாமல் அவரோடு போங்கள். மானை விரட்டிக் கொடுப்பது போன்ற எந்த உதவியும் வேண்டாம், உடன் உட்கார்ந்திருங்கள். ஆரஞ்சு மேலங்கியும் தொப்பியும் காதடைப்பானும் கட்டாயம். விசா விதி இடம் தரவில்லை, உரிமம் எடுத்துக்கொண்டு அடுத்த சீசனில் முறையாக வருகிறேன் என்று சொல்லுங்கள். சட்டத்தை மதிக்கும் வேட்டைக்காரர் இதற்குக் கோபிக்க மாட்டார். வகுப்பில் சேருங்கள், உரிமம் வந்ததும் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் காட்டி உறுதி செய்துகொண்டு பயிற்சியைத் தொடங்குங்கள்.

கொங்கு நாட்டான்:
ஐயா சொன்னதுதான் சரி. விசாவை நான் நினைத்தே பார்க்கவில்லை. பயிற்சி தொடங்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: ரிவால்வரில் உருளைக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு, சுடும்போது அதன் வழியே நெருப்பு பக்கவாட்டில் சீறும். இடக்கைக் கட்டைவிரல் அங்கே இருக்கவே கூடாது. மேக்னம் தோட்டா விரலைக் கிழித்துவிடும்.

புதுவரவு:
மேலாளரிடம் பேசிவிட்டேன். விசா விஷயம் அவருக்குத் தெரியவே தெரியாதாம். தன் பெயரும் இதில் மாட்டியிருக்கும் என்றதும் நன்றி சொன்னார். திங்கட்கிழமை உடன் மட்டும் போகிறேன். மனைவியிடமும் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அவர் கேட்கச் சொன்னது: ஆரஞ்சு மேலங்கி கொலம்பஸில் எங்கே மலிவாகக் கிடைக்கும்?

கிளீவ்லாந்துக்காரர்:
வால்மார்ட்டில் வேட்டைப் பிரிவிலேயே இருக்கும். சீசனுக்கு முந்தைய நாள் தீர்ந்துபோகும், இன்றே போய் வாங்குங்கள்.