உயரத்தில் ஒரு மேசை: யாரோடு போனீர்கள், என்ன பார்த்தீர்கள்?

கொக்குவில் ரீச்சர்:

யாழ்ப்பாணத்திலும் இப்போது மேல்மாடியில் இருந்து ஊரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட இடங்கள் வந்துவிட்டன. கொழும்பிலும் வெளிநாட்டிலும் இப்படியான இடங்களுக்கு எங்களில் நிறையப் பேர் போயிருக்கிறோம். சாப்பாடு எப்படி, பில் எவ்வளவு என்று எழுத ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே இருந்து என்ன பார்த்தீர்கள், யாரோடு பார்த்தீர்கள் என்பதை இங்கே எழுதுங்கோ. என் எண்ணத்தை முதலே சொல்லிவிடுகிறேன்: இப்படியான இடத்துக்கு அந்த ஊரைத் தெரிந்த ஒருவரோடுதான் போக வேண்டும். முடிந்தால் வயதான ஒருவரோடு.

மகாத்மா காந்தி வீதியில் 2016 இல் ஜெட்விங் ஹோட்டல் வந்தபோது அதன் மொட்டைமாடியைப் பற்றித்தான் எல்லோரும் கதைத்தார்கள். பிறகு நகரத்துக்குள் இன்னும் சில வந்தன. நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனது அப்படியான ஒரு மாடிக்கு, தைப்பொங்கல் கழிந்த கிழமையில். அந்த நாட்களில் ஆறேகாலுக்குக் கிட்டப் பொழுது படும். நாங்கள் ஐந்து மணிக்கே மேலே போய்விட்டோம். வெயில் கோட்டைப் பக்கமாய் இறங்கிக்கொண்டிருந்தது. ஆனி, ஆடியில் போனால் அது வடக்கே விலகி நாவாந்துறைப் பக்கமாய் விழும். கோட்டையோடு சேர்த்துச் சூரியனைப் பார்க்க விரும்புகிறவர்கள் கார்த்திகைக்கும் தைக்கும் இடையில் போங்கோ.

அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. வண்ணார்பண்ணையில் பிறந்து வளர்ந்தவ. எங்கள் பழைய வீட்டிலும் மொட்டைமாடி இருந்தது. வேப்பம்பூ வடகமும் மோர்மிளகாயும் காயப்போட ஏறுவோம். தொண்ணூறுகளில் ஹெலிச் சத்தம் கேட்டால் போட்டது போட்டபடி கீழே ஓடிப் பங்கருக்குள் இறங்குவோம். மாடியில் ஆறுதலாக இருந்து ஊரைப் பார்க்கிற பழக்கம் அவவுக்கு வாய்த்ததே இல்லை.

முதலில் கதிரையின் நுனியில்தான் இருந்தா. தேத்தண்ணி வந்தபிறகு எழும்பிப் போய்க் கைபிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றா. வானத்தில் பத்துப் பதினைந்து பட்டங்கள் நின்றன. "அந்தா மணிக்கூட்டுக் கோபுரம். அங்கால லைப்ரரி. இந்தப் பக்கம் பனங்கூடல் எவ்வளவு இருந்தது தெரியுமே பிள்ளை, எல்லாம் கூரையாப் போச்சு." குருநகர்ப் பக்கம் திரும்பிப் பெரிய கோவில் என்கிற மரியன்னை பேராலயத்தைக் காட்டினா. கடலில் மீன், இறால் பிடிக்க நட்ட களங்கண்டித் தடிகள் நிரை நிரையாய்த் தெரிந்தன. அது எந்த ஆட்களின் தொழில், எந்த மாதம் இறால் படும் என்று அவ சொல்லச் சொல்ல, பக்கத்து மேசையில் இருந்த பிள்ளைகளும் எழும்பி வந்து கேட்டார்கள்.

இருட்டினபிறகு நூலகத்தின் கும்பத்துக்கு வெளிச்சம் போட்டார்கள். 1981 வைகாசி 31 இரவு அது எரிந்தபோது அம்மா வீட்டு முற்றத்தில் நின்று பார்த்தவ. 97,000 புத்தகங்கள் என்று நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற கணக்கு அவவின் வாயில் வரவில்லை. "எங்கட வேலிக்கு மேலால சிவப்பாத் தெரிஞ்சது. இப்ப பார், வெள்ளையா நிக்குது" என்று மட்டும் சொன்னா. அதன் பக்கத்தில் நிற்கிற 11 மாடிக் கட்டடம் என்ன என்று அவ கேட்க, இந்தியா கட்டித் தந்து 2023 இல் திறந்த கலாசார மையம், இப்போது திருவள்ளுவர் பெயரில் இருக்கிறது என்று நான் சொன்னேன். பழையதை அவ எனக்குக் காட்டினா, புதியதை நான் அவவுக்குக் காட்டினேன்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் இல்லை. நண்டுக்கறி உறைப்பாக, நன்றாகத்தான் இருந்தது. இறக்கும்போது முருங்கையிலை போடவில்லை என்று அம்மா வெயிட்டர் தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னா. அவரும் குசினிக்குச் சொல்கிறேன் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டு போனார்.

இணுவில் – ரொறன்ரோ:

ரீச்சர் சொன்னது முழுக்கச் சரி. நான் பெரியம்மாவைக் கொண்டு போனது இங்கத்தைய சீ.என். கோபுரத்தில இருக்கிற சுழலும் உணவகத்துக்கு. கோபுரம் 553 மீற்றர், 1976 இல திறந்தது. உணவகம் 351 மீற்றர் உயரத்தில. ஒரு சுத்து முடிய 72 நிமிசம் எடுக்கும். சுத்திறது மேசை கிடக்கிற தரைதான், நடுவில இருக்கிற பகுதி அசையாது. கழிவறைக்குப் போட்டு வாற பெரியாக்கள் விட்ட இடத்தில மேசையைக் காணாமல் தடுமாறுவினம், கட்டாயம் கூட ஒராள் போங்கோ. இன்னொண்டு, இங்க ஆனியில பொழுது பட இரவு ஒன்பது மணி ஆகும், மார்கழியில அஞ்சுக்கு முன்னமே இருட்டிப்போகும். நேரத்துக்குப் படுக்கிற ஆக்களுக்குப் புரட்டாசி நல்லம், ஏழு மணிக்குப் பொழுது படும், குளிரும் பெரிசா இல்லை.

பெரியம்மாவுக்குக் கட்டடங்கள் ஒண்டும் பிடிபடேல்லை. "எங்கட வீடு எந்தப் பக்கம்?" எண்டுதான் முதல் கேட்டா. ஸ்காபுறோ கிழக்கால, தூரத்தில வீடும் மரமுமாய் ஒரு பரப்பு. அதைக் காட்டினபிறகுதான் கரண்டியைக் கையில எடுத்தா. அண்டைக்கு வெள்ளிக்கிழமை, அவ மரக்கறி. பதியேக்கையே சொல்லி வைச்சதால கரைச்சல் இல்லை.

மேசை சுத்திக்கொண்டு ஏரிப் பக்கம் வந்தது. அங்க தீவில ஒரு சின்ன விமான நிலையம் இருக்கு. ஒரு பிளேன் தண்ணிக்கு மேலால பதிஞ்சு வந்து இறங்கினது. பெரியம்மா என்ர கையைப் பிடிச்சா. "பிளேன் எங்களுக்குக் கீழால போகுதடா தம்பி." 1995 ஐப்பசி 30 இரவு, சண்டையால யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த அண்டைக்கு, மழைக்குள்ள, நாவற்குழிப் பாலத்தால சனத்தோட சனமா நடந்து வந்தவ. அந்த வருசங்களில பிளேன் எண்டால் அண்ணாந்து பார்த்துப் பயந்ததுதான். இதில அவ பிளேனின்ர முதுகுப் பக்கத்தைப் பார்த்தா, செட்டையில எழுதியிருந்ததைக் கூட வாசிக்கப் பார்த்தா. அடுத்த பிளேன் வரும்வரைக்கும் சாப்பிடாமல் காத்திருந்தா. ஏரிப் பக்கம் விலகிப் போக, "திரும்பவும் வரும்தானே?" எண்டு கேட்டா. நான் ஒரு கோப்பி சொல்லி இன்னொரு சுத்து இருந்தன்.

மானிப்பாய் – கொழும்பு:

நான் காலிமுகத்திடல் பக்கம் ஒரு ஹோட்டலின்ர மேல்தளத்தில பரிமாறுற வேலை. பெயர் வேண்டாம். ஊரில இருந்து வாற குடும்பங்களை லிஃப்ற் கதவு திறக்கேக்கையே எனக்குத் தெரியும். காட்டின முதல் மேசையிலேயே இருந்திடுவினம், குசினிக் கதவுக்குப் பக்கத்தில எண்டாலும். தயவுசெய்து கேளுங்கோ. ஓர மேசைகளை முதலே பதிஞ்ச ஆக்களுக்குத்தான் ஒதுக்குறது. போன் பண்ணேக்கை "கடல் பக்கம், ஓரமா" எண்டு சொன்னால் எழுதி வைப்பம்.

மெனுவில விலைக்குப் பக்கத்தில இரண்டு கூட்டல் குறி கிடந்தால், 10 வீதம் சேவைக் கட்டணமும் 18 வீதம் வற் வரியும் பிறகு சேரும். 1000 ரூபா எண்டு கிடக்கிறது பில்லில 1300 ரூபாவுக்குக் கிட்ட வரும். அதைத் தெரிஞ்சுகொண்டு வந்தால் கடைசியில முகம் வாடாது. போயா எண்டு சொல்லுற பௌர்ணமி நாளில மதுபானம் குடுக்கேலாது. சில இடம் அண்டைக்குப் பூட்டும், திறக்கிற இடத்தில சத்தம் குறைவு, கடலுக்கு எதிர்ப்பக்கம், கிழக்கால முழு நிலவு எழும்பி வரும். சின்னப் பிள்ளைகளோட வாற குடும்பத்துக்கு அந்த இரவைத்தான் நான் சொல்லுவன்.

ஒரு நாள் ஒரு ஐயா மகளோட வந்தவர். முந்தித் துறைமுகத்தில கிளாக்கர் வேலை, 83 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்புக்கே வராதவர். வந்து நிண்ட உடன "இதில கடல் எல்லோ இருந்தது?" எண்டு கேட்டார். போர்ட் சிற்றி ஐயா, 2014 இல தொடங்கி 269 ஹெக்ரயர் கடலை நிரப்பினவை எண்டு சொன்னன். கனநேரம் பேசாமல் பார்த்தார். பிறகு கோட்டைப் பக்கம் விரலை நீட்டி, சதாம் வீதி மணிக்கூட்டுக் கோபுரம் தெரியுதோ எண்டு கேட்டார். எனக்குத் தெரியாது, நான் பார்க்கிறது தாமரைக் கோபுரத்தின்ர கலர் லைற்றைத்தான். அந்த மணிக்கூட்டுக் கோபுரம் முந்தி வெளிச்சவீடாம். சுத்திவரக் கட்டடங்கள் உயர்ந்து கடலுக்கு வெளிச்சம் மறைஞ்சு போக, 1952 இல நிப்பாட்டிப்போட்டினமாம். அடுத்த நாள் வேலைக்கு முன்னம் நடந்து போய்ப் பார்த்தன். இப்ப என்ர மேசைக்கு வாற ஆக்களுக்கு அதைத்தான் முதல் சொல்லுறன். அந்த ஐயா போகேக்கை என்ர தோளில தட்டி, "நல்லாப் பரிமாறுறாய் தம்பி" எண்டவர். இந்த வேலையில எனக்குக் கிடைச்ச பெரிய ரிப்ஸ் அதுதான்.

வல்வை – லண்டன்:

ஒரு சின்னத் தகவல். காசை யோசிச்சு அம்மா அப்பாவைக் கூட்டிப் போகாமல் விடாதேங்கோ. பென்சர்ச் வீதி 20 ஆம் இலக்கக் கட்டடத்தின்ர உச்சியில ஸ்கை கார்டின் இருக்கு, 2015 இல திறந்தது. ஏறிப் பார்க்கக் காசில்லை, இணையத்தில முன்கூட்டியே பதிஞ்சால் போதும். தேம்ஸ் ஆறு, லண்டன் பாலம், ஷார்ட் கோபுரம், எல்லாம் தெரியும். அங்கயே ஒரு கோப்பியோட முடிக்கலாம், மேல சாப்பிட விருப்பம் எண்டால் அது தனிப் பதிவு. அப்பா தேம்ஸைப் பார்த்திட்டு "வல்லைவெளி வெள்ளக் காலத்தில இப்பிடித்தான் கிடக்கும்" எண்டார். அம்மா ஒத்துக்கொள்ளேல்லை. திரும்பி ரெயினில வரும்வரைக்கும் இரண்டு பேரும் அதைப் பற்றியே கதைச்சவை.

கொக்குவில் ரீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள், அந்த நேரம் மாடிக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது சோளகக் காலம், திறந்த மாடியில் காற்று ரிஷ்யூவையும் மேசைத் துணியையும் அள்ளிக்கொண்டு போகும். வயதானவர்களுக்குத் தலைக்குச் சுற்ற ஒரு சால்வை கொண்டு போங்கோ. விரதகாரருக்கு என்ன இருக்கிறது என்பதையும் போனிலேயே கேளுங்கோ. எங்கும் போக முன்னம் கேட்க வேண்டிய இன்னொன்று, லிஃப்ற் கடைசி மாடி வரைக்கும் போகுமா என்பது. சில கட்டடங்களில் ஒரு மாடி கீழேயே நின்றுவிடும், மிச்சம் படி. அம்மாவின் முழங்காலுக்கு அந்தப் பதினைந்து படி ஏறவே முடியாது.

மானிப்பாய்த் தம்பி, அம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிவர இருக்கிறேன். அந்த ஐயா காட்டிய மற்ற இடங்களும் ஞாபகம் இருந்தால் எழுதுங்கோ. ஓர மேசை, நாலு பேர்.

மானிப்பாய் – கொழும்பு:

லிஃப்ற் மேல்தளம் வரைக்கும் வரும் ரீச்சர், படி இல்லை. வெள்ளி, சனி வேண்டாம், பாட்டுச் சத்தத்தில அம்மா கதைக்கிறது கேளாது. செவ்வாய், புதனில அஞ்சரைக்கு வாங்கோ. ஐயா சொன்னதுகள் கொப்பியில எழுதி வைச்சிருக்கிறன்.